சலித்தெடுத்த பிளாஸ்டிக்கை யார் வாங்குவது?
பயோமைனிங் (பழைய குப்பையைக் கிளறிச் சலித்துப் பிரிப்பது) முடிந்தால் சென்னை பெருங்குடி குப்பைமேட்டுப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்கிறது ஒரு கட்டுரை. நிலம் மீளும், சரி. சலித்தெடுத்தது எங்கே போகும்? பழைய குப்பையை வரப்பு வரப்பாகக் குவித்து, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, சில வாரங்கள் புரட்டிப் புரட்டிப் போட்டு ஈரம் வற்றிய பிறகே உருளைச் சல்லடைக்கு அனுப்ப வேண்டும். அவசரப்பட்டால் களிமண் சல்லடைக் கண்களை அடைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் மண்ணோடு ஒட்டியே வெளியே வரும். ஐப்பசி, கார்த்திகையில் வேலை படுப்பது இதனால்தான். அந்தப் பிளாஸ்டிக்கைத்தான் எரிபொருள் என்று சிமெண்ட் ஆலைக்கு அனுப்புகிறார்கள். மண்ணும் ஈரமும் இருந்தால் வெப்பத்திறன் விழும். பிவிசி (குழாய் செய்யும் பிளாஸ்டிக்) கலந்திருந்தால் அதிலுள்ள குளோரின் உப்பாகச் சூளையில் படிந்து அடைக்கும், ஆலை லாரியைத் திருப்பிவிடும். 2016 திடக்கழிவு விதிகள், குப்பை எரிபொருள் தயாரிக்கும் இடத்திலிருந்து 100 கிலோமீட்டருக்குள் உள்ள ஆலைகள்தான் எரிபொருளில் 5 சதவீதமாவது இதைச் சேர்க்க வேண்டும் என்றன. சிமெண்ட் ஆலைகள் உள்ள அரியலூரோ சென்னையிலிருந்து அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். லாரி வாடகையை யார் தலையில் கட்டுவது? சலித்த மண்ணைத் தோட்டத்துக்குப் போடலாம் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்திட்ட ஒருவர் எழுதியிருக்கிறார். வேண்டவே வேண்டாம்: கண்ணாடித் தூள் போக ஈயம், காட்மியம் இருக்கக்கூடும். பரிசோதித்துவிட்டுப் பள்ளம் நிரப்பலாம், அதுவும் ஏரி, கிணறு பக்கத்தில் இல்லாத இடத்தில்.