லிப்எல்32 மட்டும் போதுமா?

எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைராவின் வெளிச்சவ்வில் எந்தப் புரதம் அதிகமோ, அதைக் குறிவைத்தால் தடுப்பூசி கிடைத்துவிடும் என்கிறது, அந்தப் புரதங்களைப் பட்டியலிடும் ஒரு கட்டுரை. அவ்வளவு சுலபமில்லை. அங்கே மிக அதிகமாக இருப்பது லிப்எல்32. மண்ணிலும் நீரிலும் வாழும் தீங்கற்ற லெப்டோஸ்பைரா இனங்களில் அது கிடையாது, சரி, அதனால்தான் எல்லோருக்கும் அதன்மேல் கண். ஆனால் அந்தப் புரதமே இல்லாத கிருமியை ஹாம்ஸ்டர் எலிகளுக்குச் செலுத்திப் பார்த்த ஆய்வு 2009-லேயே வந்துவிட்டது. நோய் வரத்தான் செய்தது! நோயறியும் சோதனைக்கு லிப்எல்32 உதவும், அது வேறு கதை.

அப்புறம், ஆய்வகக் குடுவையில் 30 டிகிரியில் வளரும் கிருமியின் புரதப் பட்டியலும் உடலுக்குள் இருக்கும் கிருமியின் பட்டியலும் ஒன்றல்ல. உடலில் உள்ள அளவுக்கு உப்புச் செறிவு கூடும்போதுதான் லிக் (Lig) எனப்படும் வேறு சில வெளிச்சவ்வுப் புரதங்கள் பெருகுகின்றன. கட்டுரையில் உள்ள பட்டியல் எங்கே வளர்ந்த கிருமியிலிருந்து எடுத்தது?