எந்த ஊரு, என்ன ஆளுங்க?

ரொம்ப நாளா மனசுல கெடக்கற விஷயம், இன்னிக்கு எழுதிடறேன், நீளமாத்தான் வரும், பொறுமையா படிங்க. இந்த சிங்கப்பூர்ல நம்ம தமிழ் ஆளுங்களுக்குள்ளயே ஒருத்தர ஒருத்தர் ஊர வெச்சும் பாஸ (இங்க வேல செய்ய அரசாங்கம் குடுக்கற அனுமதி) வெச்சும் தரம் பிரிக்கறது ரொம்ப அதிகமாயிருச்சு. லோக்கல் தமிழருக்கு, அதாவது இங்கயே பொறந்து வளந்தவருக்கு, ஊர்லேர்ந்து, அதாவது தமிழ்நாட்டுலேர்ந்து, வந்தவரப் புடிக்கல, இபில (படிச்சு பெரிய வேலைக்கு வர்றவங்களுக்கான பாஸ்) வந்து கொண்டோவுல (தனியார் அடுக்குமாடி வீடு) இருக்கறவருக்கு அதே ஊர்லேர்ந்து வொர்க் பெர்மிட்ல (கட்டுமானம் மாதிரி ஒழப்பு வேலைக்கான பாஸ்) வந்து டார்மிட்டரில (தொழிலாளர் விடுதி) இருக்கற தம்பியப் புடிக்கல, இவங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து 'வடக்கன', அதாவது வட இந்தியர, புடிக்கல. ஆனா வெளிய யாராவது நம்மள இந்தியன்னு ஒதுக்குனா மட்டும் எல்லாருக்கும் ஒண்ணா கோவம் வருது.

அந்தக் கோவம் நியாயமான கோவம்தான், அத நான் கொறச்சு பேசல. வாடகைக்கு ரூம் தேடுன எந்த இந்தியர வேணா கேட்டுப் பாருங்க, விளம்பரத்துலயே 'நோ இண்டியன்ஸ்'னு போட்டத பாத்த கத சொல்லுவாங்க, இல்லன்னா ஃபோன்ல பேரச் சொன்னதும் ஏஜெண்டோட கொரல் மாறுன கத சொல்லுவாங்க. 2021 ஜூன்ல லாரன்ஸ் வோங், அப்ப அவரு நிதி அமைச்சர், பெரும்பான்மையா இருக்கறதவிட சிறுபான்மையா இருக்கறது கஷ்டம்தான்னு மேடையிலயே சொன்னாரு. அப்ப அத எத்தன பேரு ஷேர் பண்ணோம். சரி, இப்ப நம்ம வீட்டுக் கதவுக்கு வருவோம்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு தங்கச்சி, மன்னார்குடி பக்கம், இங்க நர்ஸா இருக்கா, ஷிஃப்ட் வேல, ராத்திரி லேட்டா வரணும் போகணும். நம்ம ஆளுங்க வீடா இருந்தா பாதுகாப்பா இருக்கும்னு தமிழ் வீடாவே பாக்கச் சொன்னா. அவளுக்காக நாந்தான் ஃபோன் பண்ணேன். ஈசூன்ல ஒரு அக்கா, ரொம்ப அன்பாத்தான் பேசுனாங்க.

"பொண்ணு லோக்கலாம்மா?"

"இல்லக்கா, ஊர்லேர்ந்து வந்தவங்க. நர்ஸு."

"ஊரா... எந்த ஊரு?"

"மன்னார்குடிக்கா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, பின்னாடி டிவி ஓடறது மட்டும் கேக்குது. அப்பறம் கொரலத் தாழ்த்தி, "என்ன ஆளுங்க?"

எனக்கு ஒரு நிமிஷம் என்ன சொல்றதுன்னே தெரியல. வாடகை ஒண்ணாந்தேதி கரெக்டா வந்துரும்க்கா, அமைதியான பொண்ணுக்கான்னேன். "அதில்லம்மா, வீட்டுல சாமி ரூம் இருக்கு பாரு, அதான் கேட்டேன். லோக்கல் புள்ளையா யாராவது இருந்தா சொல்லு"ன்னு வெச்சுட்டாங்க. அடுத்த வீடு ஊர்லேர்ந்து வந்து பிஆர் (நிரந்தரவாசம்) வாங்குனவரோடது, அவரு எந்த மாவட்டம்னு ஆரம்பிச்சு அதே கேள்விக்குத்தான் வந்து சேர்ந்தாரு, வேற வழியா வந்தாரு அவ்வளவுதான்.

சீன வீட்டுக்காரர் நம்மள இந்தியன்னு வேணாம்னா அது இனவாதம், கண்டிப்பா இனவாதம்தான். அப்ப நம்ம வீட்டுல சாதியும் மாவட்டமும் கேட்டு ஒரு பொண்ண வேணாம்னு சொல்றது என்ன? 1989லேர்ந்து வீவக (அரசாங்க வீட்டு வசதிக் கழகம்) பிளாக்ல எந்த இனம் எத்தன சதவீதம்னு கணக்கு வெச்சுத்தான் வீடு விக்கறாங்க, எல்லாரும் கலந்து இருக்கணும்னு. அந்தக் கணக்குல தமிழர், மலையாளி, பஞ்சாபி, குஜராத்தி எல்லாரும் இந்தியர்ங்கற ஒரே கட்டத்துலதான் வருவாங்க, அந்தக் கட்டத்துக்குள்ள நாம ஒருத்தர ஒருத்தர் என்ன பண்றோம்னு எந்த சட்டமும் வந்து பாக்காது. நாமதான் பாத்துக்கணும்.

இதப் பேசுனா உடனே ஒரு பதில் வரும், நாங்க ஊரச் சொல்லல பழக்கவழக்கத்தச் சொல்றோம், எம்ஆர்டி ரயில்ல சத்தமா ஃபோன் பேசறாங்க, தேக்காவுல (லிட்டில் இந்தியா) வழிய மறிச்சிக்கிட்டு நிக்கறாங்க, அப்படின்னு. சத்தமா ஃபோன் பேசறவங்க எல்லா இடத்துலயும் இருக்காங்க, என் பிளாக்குக்குக் கீழ காப்பிக்கடையில இருக்காங்க, என் சொந்தத்துலயே இருக்காங்க. லோக்கல் ஆளு பண்ணா அது அவரோட குணம், ஊர்லேர்ந்து வந்தவரு பண்ணா மட்டும் அது அவரு மாவட்டத்துக்கே குணம்னு ஆயிருது.

உண்மையான காரணம் பயம்னு நான் நெனக்கறேன். எங்க நம்மளையும் அவங்களோட சேர்த்துப் பாத்துருவாங்களோங்கற பயம். ஆஃபீஸ்ல யாராவது "நீங்க அந்த இந்தியர்ங்க மாதிரி இல்லயே"ன்னு பாராட்டா சொல்றப்ப நம்ம ஆளுங்க சந்தோஷமா தலையாட்டறத பாத்துருக்கேன், எனக்கு வயிறு எரியும். அந்தப் பாராட்டு நம்மளக் காப்பாத்தாதுங்க. 2021 மே 7ஆம் தேதி சுவா சூ காங்ல வேகமா நடந்துக்கிட்டிருந்த 55 வயசு இந்தியப் பெண்மணி ஒருத்தங்கள இனத்தச் சொல்லித் திட்டி நெஞ்சுல எட்டி உதைச்சான் ஒருத்தன். அவங்க சிங்கப்பூரர். உதைக்கறதுக்கு முன்னாடி பிங்க் ஐசி (குடிமக்களோட அடையாள அட்டை) இருக்கான்னு அவன் கேக்கல. 2005ல இந்தியாவோட கையெழுத்தான சீக்கா பொருளாதார ஒப்பந்தத்தோட பேர வெச்சு ஆன்லைன்ல திட்டுனவங்களும் அப்படித்தான், மூணு தலமொறையா இங்க இருக்கறவருக்கும் நேத்து சாங்கி ஏர்போர்ட்ல வந்து எறங்குனவருக்கும் ஒரே பேர்தான் வெச்சாங்க. ஊர்லேர்ந்து வந்தவர நாம தள்ளி நிறுத்துறதால நமக்கு ஒரு இன்ச் மரியாத கூட கூடல, இனியும் கூடப் போறதில்ல.

அதோட, லோக்கல் லோக்கல்னு சொல்றோமே, யாரு லோக்கல்? எங்க தாத்தா ஒரத்தநாடு பக்கத்துலேர்ந்து ரஜூலா கப்பல்ல வந்து துறைமுகத்துல மூட்ட தூக்குனவரு. அப்பயும் இந்தப் பாகுபாடு இருந்துருக்கு. யாழ்ப்பாணத்துலேர்ந்து வந்து ரயில்வேயிலயும் அரசாங்க ஆஃபீஸ்லயும் கிளார்க்கா இருந்தவங்க துறைமுகத்துலயும் தோட்டத்துலயும் வேல செஞ்ச தமிழ்நாட்டு ஆளுங்களோட அவ்வளவா ஒட்டல, இவங்க ஒரு கோயில் அவங்க ஒரு கோயில்னு இருந்துருக்காங்க. தமிழ் முரசு 1935ல ஆரம்பிச்ச கோ. சாரங்கபாணி யாரு? திருவாரூர்ல பொறந்து 1924ல இங்க வந்தவரு, இன்னிக்கு வந்துருந்தா அவரையும் ஊர்க்காரர்னுதான் சொல்லிருப்போம். அவருதான் சாதி மதம் பாக்காம எல்லாத் தமிழரும் ஒண்ணா கொண்டாடணும்னு 1952ல தமிழர் திருநாள ஆரம்பிச்சாரு, இங்க இருக்கற இந்தியர்ங்க குடியுரிமை எடுத்துக்கணும்னு எழுதி எழுதி ஆளுங்களத் தட்டி எழுப்புனாரு. ஸ்கூல்ல நம்ம பிள்ளைங்க சொல்ற உறுதிமொழிய 1966ல எழுதுன ராஜரத்தினம், சிங்கப்பூரோட மொத வெளியுறவு அமைச்சர், யாழ்ப்பாணத்துல பொறந்தவரு. நாம பெருமையா சொல்லிக்கற ஆளுங்க எல்லாருமே வெளியேர்ந்து வந்தவங்கதான்.

'வடக்கன்' விஷயத்துக்கு வரேன், இது தமிழ்நாட்டுலேர்ந்து மீம்ஸா வந்து நம்ம வாட்ஸ்அப் குரூப்ல உக்காந்துருச்சு. 1966ல பம்பாய்ல சிவசேனா ஆரம்பிச்சப்ப அவங்க மொத எதிரி யாரு தெரியுமா, தென்னிந்தியர்ங்க. மதராஸி வந்து கிளார்க் வேலையெல்லாம் புடுங்கிட்டான், ஓட்டல் வெச்சுட்டான்னு அடிச்சாங்க, கடைய ஒடச்சாங்க. அதே வார்த்தைய இன்னிக்கு திருப்பூர்ல பனியன் கம்பெனில வேல செய்ற பீகார்க்காரர நம்ம ஆளுங்க சொல்றாங்க. 2023 மார்ச்ல தமிழ்நாட்டுல பீகார் தொழிலாளிங்களக் கொல்றாங்கன்னு பொய் வீடியோ பரவி, பீகார்லேர்ந்து அதிகாரிங்க நேர்ல வந்து பாக்கற அளவுக்குப் போச்சு, வீடியோ பொய்யின்னு தெரிஞ்சது. அந்த வாரம் எங்க குரூப்ல ஒருத்தர் 'நெஜமாவே அடிச்சா என்ன தப்பு'ன்னு போட்டாரு. அவரு இங்க எஸ் பாஸ்ல (இபிக்கும் வொர்க் பெர்மிட்டுக்கும் நடுவுல உள்ள பாஸ்) இருக்கறவரு. வெளிநாட்டுக்காரன் வேலயப் புடுங்கறான்னு இங்க யாராவது சொன்னா மொதல்ல அடிபடறது அவரோட பாஸ்தான், அது அவருக்குத் தோணவே இல்ல.

ஊர்லேர்ந்து படிச்சு நல்ல வேலைக்கு வந்தவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். 'இந்த லோக்கல் ஆளுங்க பேசறது ஒரு தமிழா, கூலிக்கு வந்தவங்க பேரப்பிள்ளைங்கதான'ன்னு நீங்க பேசறது எங்க காதுலயும் விழுது. 2020 கணக்கெடுப்புல இங்க வீட்டுல அதிகமா தமிழ் பேசறவங்க 2.5 சதவீதம்தான். அந்த மொழிய ரேடியோ, பத்திரிக, பள்ளிக்கூடம்னு இத்தன வருஷமா புடிச்சு வெச்சுருக்கறது அந்தக் கூலிக்கு வந்தவங்க பிள்ளைங்களும்தான்.

இதுல கடைசில அடி வாங்கறது எப்பவும் டார்மிட்டரி ஆளுங்க. 2013 டிசம்பர் 8 ராத்திரி லிட்டில் இந்தியாவுல ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹாம்ப்ஷியர் ரோடும் சேர்ற எடத்துல தமிழ்நாட்டுலேர்ந்து வந்த 33 வயசு கட்டுமானத் தொழிலாளி ஒருத்தர் பஸ்ல அடிபட்டு எறந்தாரு, அதுக்கப்பறம் கலவரம். ஆம்புலன்ஸ எரிச்சத நான் நியாயப்படுத்தல, பெரிய தப்பு. ஆனா அடுத்து வந்த நாள்ல நம்ம ஆளுங்க 'நாங்க வேற, அவங்க வேற'ன்னு வெளக்கம் குடுக்கறதுல காட்டுன அவசரத்துல எறந்து போனவரப் பத்தி ஒரு வார்த்த பேசல. 2020ல கொரோனா வந்தப்ப டார்மிட்டரில இருந்தவங்கள்ல 47 சதவீதம் பேருக்குத் தொத்துனதா அந்த வருஷ டிசம்பர்ல மனிதவள அமைச்சே சொன்னுச்சு. ஒரு ரூம்ல பத்துப் பன்னெண்டு பேர அடச்சு வெச்சா வேற என்ன ஆகும்? அவங்க சுத்தம் இல்லன்னு தமிழ்லயே பேசுனவங்களும் இருந்தாங்க, சாப்பாடு, மருந்து, டாக்டர் சொல்றத தமிழ்ல சொல்றதுன்னு ராப்பகலா ஓடுன தமிழ் இளையர்களும் இருந்தாங்க. நம்மால முடியாதுன்னு சொல்ல முடியாது, முடியும்னு அந்தப் பிள்ளைங்க காட்டிட்டாங்க.

2025 ஜனவரியில வேலையிட நியாயச் சட்டம் நாடாளுமன்றத்துல நிறைவேறுச்சு, இனம், மொழி, எந்த நாடுன்னு பாத்து வேல குடுக்கறதுல பாகுபாடு காட்டக் கூடாது. நல்ல சட்டம், ஆனா அது வேலைக்குத்தான், வாடகைக்கு இல்ல. அதனால வீட்டுக்காரங்க கிட்டயே நேரா கேக்கறேன். வாடகை ஒழுங்கா தருவாங்களா, எத்தன மணிக்கு வருவாங்க, பாத்ரூம கழுவி வெப்பாங்களா, பாஸ் செல்லுபடியா இருக்கான்னு எவ்வளவு வேணா கேளுங்க. என்ன ஆளுங்கன்னு கேக்காதீங்க.

அந்தத் தங்கச்சிக்கு இன்னும் ரூம் கெடக்கல. ஈசூன், செம்பவாங், உட்லண்ட்ஸ் எங்க இருந்தாலும் பரவால்ல, அடுத்த மாசத்துலேர்ந்து வேணும், லேசா சமைச்சுக்க விடணும். யாருகிட்டயாவது இருந்தா எனக்கு இன்பாக்ஸ் பண்ணுங்க.