செகுவோ குலுக்கலில் வென்றதும் தோற்றதும்

ஒற்றைக் கட்சி ஆட்சியில் மக்கள் பங்கேற்பு முழுக்கக் கண்துடைப்பு என்று சொல்வதுண்டு. அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. சீனாவின் செஜியாங் மாகாணத்தில், வென்லிங் பகுதியிலுள்ள செகுவோ ஊரில் 2005-இல் 30 பொதுப்பணித் திட்டங்கள் வரிசையில் நின்றன. எல்லாவற்றுக்கும் 13 கோடி யுவானுக்கு மேல் தேவை. இருந்ததோ சுமார் 4 கோடி. எவற்றுக்கு முன்னுரிமை என்று விவாதிக்க, ஊர்மக்களில் 275 பேரைக் குலுக்கலில் எடுத்தார்கள். திட்டக் குறிப்புகள் முன்கூட்டியே கைக்கு வந்தன. சிறு குழுக்களை நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், அதிகாரிகள் அல்ல. இதுதான் முக்கியம், அதிகாரி தலைமையில் உட்கார்ந்தால் யார் வாய் திறப்பார்? குழுவில் எழுந்த கேள்விகள் பொது அமர்வில் நிபுணர்களிடம் போயின. விவாதத்துக்கு முன்பும் பின்பும் ஒரே கேள்வித்தாள். கழிவுநீர்த் திட்டங்கள் மேலே ஏறின, பகட்டான கட்டுமானங்கள் இறங்கின. முன்னணியில் வந்த 12 திட்டங்களை ஊரின் பிரதிநிதி மன்றமான மக்கள் பேரவை ஏற்றது.

ஓட்டை வேறிடத்தில். பட்டியலில் எந்த 30 இடம்பெறும் என்பதைக் குலுக்கலில் வந்தவர்கள் தீர்மானிக்கவில்லை. முடிவை ஏற்க ஊரின் கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளரைக் கட்டாயப்படுத்தும் சட்டமும் இல்லை. அவருக்கு மாற்றல் வந்தால், அடுத்தவர் மனது வைத்தால்தான் உண்டு.