பெரியம்மாவின் கூரைக்கு மேலால் பறந்த விமானம்

2022 ஜூன் மாதம், எரிபொருள் வரிசைகளில் இலங்கையே முடங்கிக் கிடந்த நேரத்தில், எழுபத்தாறு வயதான பெரியம்மாவைச் சென்னையில் கண் வைத்தியரிடம் காட்ட வேண்டியிருந்தது. 2019 ஒக்ரோபரில் மேளதாளத்தோடு திறக்கப்பட்ட யாழ்ப்பாணத்துப் பலாலி சர்வதேச விமான நிலையம் அவரது வீட்டிலிருந்து அரை மணிநேரத் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் அவர் இரவு பஸ்ஸில் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தெற்கே கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்து, வீங்கிய கால்களோடு ஒரு நாள் படுத்திருந்து, கொழும்பின் விமான நிலையமான கட்டுநாயக்கவில் விமானம் ஏறி, தம் வீட்டுக் கூரைக்கு மேலாலேயே என்று சொல்லத்தக்க பாதையில் திரும்ப வடக்கே பறந்தார்.

கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்ற பலாலி–சென்னைச் சேவை 2022 டிசம்பர் 12 அன்றுதான் மீண்டும் தொடங்கியது. கட்டுநாயக்கவோ 2021 ஜனவரியிலேயே சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிட்டது. நோய்க்கு வடக்கு, தெற்கு தெரியுமா என்ன? 1947 டிசம்பரில் அன்றைய தேசிய விமான நிறுவனமான எயார் சிலோனின் முதல் விமானமே கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து, பலாலிப் பக்கத்துக் காங்கேசன்துறையில் இறங்கித்தான் மதராசுக்குப் போனது என்பதை நினைக்கையில் வயிறு எரிகிறது.

1944 ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கைப்படி, ஒரு நாட்டின் அனுமதியின்றி இன்னொரு நாட்டு விமானம் அங்கே ஒழுங்கான சேவை நடத்த முடியாது. எந்த ஊருக்கு, வாரத்துக்கு எத்தனை தடவை என்பதையெல்லாம் இரு அரசுகளும் பேரம் பேசித் தீர்க்கின்றன. அந்த மேசையில் பயணிக்கு நாற்காலி கிடையாது. அமர்ந்திருப்பவர்களின் குணமும் நமக்குத் தெரிந்ததுதான்: 2007 இல் ஜனாதிபதியின் பரிவாரத்துக்காக, ஏற்கெனவே ஆசனம் பதிந்திருந்த பயணிகளை இறக்க மறுத்தார் என்பதற்காக ஸ்ரீலங்கன் விமான நிறுவனத்தின் தலைமை அதிகாரியின் வேலை விசாவையே இரத்துச் செய்தார்கள், அடுத்த ஆண்டு, அதை நடத்திவந்த எமிரேட்ஸ் நிர்வாகப் பொறுப்பிலிருந்து விலகியது. (அதன் பிறகு குவிந்த நட்டத்தை வரியாகக் கட்டுவது நாம்தான்.)

2024 செப்ரெம்பரில் இந்திய விமான நிறுவனமான இன்டிகோவும் பலாலிக்கு வந்தது. எண்பது பேர் அளவில் கொள்ளும் சிறு விமானம்தான், இருந்தாலும் வந்ததே. அடுத்த பரிசோதனைக்கு அங்கிருந்தே போகலாம் என்று பெரியம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

“எந்த நாள் நிப்பாட்டுவாங்களோ, ஆருக்குத் தெரியும்? நீ கொழும்பாலயே போடு, தம்பி” என்றார்.