விமானத்தில் வந்தால் சலுகை, தபாலில் வந்தால் வரி

வெளிநாட்டில் நடக்கும் ஒரு போட்டியில் நம் ஊர்ப் பிள்ளை ஜெயிக்கிறது. பரிசுப் பொருள் பார்சலில் வருகிறது. கூடவே சுங்கவரி ரசீதும் வருகிறது. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பட்ஜெட் வந்தால் தங்கத்துக்கு எவ்வளவு, செல்போனுக்கு எவ்வளவு என்று ஊரே பேசும். இந்த வரியைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. கட்டுகிறவர்கள் கொஞ்சம் பேர், அதிலும் நிறைய பேர் மாணவர்கள். அவர்களுக்காகக் குரல் கொடுக்க சங்கமா இருக்கிறது?

என் அக்கா மகன் 2023-ல் ஒரு வெளிநாட்டு ஓவியப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கினான். கம்ப்யூட்டரில் படம் வரைவதற்கான பேனா டேப்லெட். கூரியரில் வந்தது. பொருளின் விலை, அனுப்பிய செலவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 20,000 ரூபாய் என்று மதிப்புப் போட்டிருந்தார்கள். அந்த ரசீது இன்னும் என் போனில் இருக்கிறது. அடிப்படைச் சுங்கவரி 35 சதவீதம், 7,000 ரூபாய். அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி, 700 ரூபாய். இவை இரண்டையும் பொருளின் மதிப்போடு கூட்டி, வருகிற 27,700-க்கு 28 சதவீதம் ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிப் பொருளுக்கான ஜிஎஸ்டி, 7,756 ரூபாய். ஆக மொத்தம் 15,456. கணக்குப் போட்டால் 77.28 சதவீதம். வரிக்கு வரி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், இதுதான் அது. அதற்கும் மேல், நமக்காக வரியை முன்பணமாகக் கட்டியதற்குக் கூரியர் கம்பெனிக்கு ஒரு கட்டணம், அந்தக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி தனி.

அக்கா வீட்டிலேயே தையல் தைக்கிறாள். "பரிசுன்னு தானேடா சொன்ன? அப்புறம் எதுக்குக் காசு கேக்குறாங்க?" என்று கேட்டாள். அவனால் பதில் சொல்ல முடியவில்லை. அத்தானும் நானும் ஆளுக்குப் பாதி போட்டுக் கட்டினோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டப்படி வரி என்பது நாட்டுக்குள் நுழையும் பொருளுக்கு. காசு கொடுத்து வாங்கினீர்களா, ஜெயித்தீர்களா, யாராவது சும்மா கொடுத்தார்களா என்பது அதற்குப் பொருட்டே இல்லை. பெட்டியின் மேல் 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதிவிட்டால் வரி வராது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. விற்பனை நடக்காவிட்டால், அதே மாதிரிப் பொருள் என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்து மதிப்புப் போடுவார்கள்.

முன்பு ஒரு சின்ன வழி இருந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் 5,000 ரூபாய் வரையிலான அன்பளிப்புகளுக்கு வரி இல்லை. சில சீன இணைய வணிக நிறுவனங்கள் சரக்கையெல்லாம் 'அன்பளிப்பு' என்று எழுதி அனுப்ப ஆரம்பித்தன. 2019 டிசம்பரில் அரசு அந்தக் கதவை மூடியது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் விலக்கு வைத்தார்கள், மற்ற எல்லாவற்றுக்கும் முழு வரி. மோசடியைத் தடுத்தது சரி. ஆனால் அந்த மோசடியில் எந்தப் பங்கும் இல்லாத பிள்ளைகளும் அதே கதவுக்கு வெளியே நிற்கிறார்கள்.

என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாத இடம் இதுதான். நீங்கள் வெளிநாட்டுக்குப் போய்விட்டு விமானத்தில் திரும்பினால், பெட்டியில் குறிப்பிட்ட மதிப்பு வரை பொருள்கள் வரியில்லாமல் கொண்டுவரலாம். 2016 விதிகளின்படி பொதுவாக அது 50,000 ரூபாய். 2026 பிப்ரவரியில் 75,000 ஆக உயர்த்தினார்கள். பதினெட்டு வயது நிறைந்தவர் என்றால் ஒரு லேப்டாப்புக்குத் தனி விலக்கு. அதாவது என் அக்கா மகன் டிக்கெட் எடுத்துப் போய், மேடையில் நின்று அதே டேப்லெட்டைக் கையில் வாங்கி வந்திருந்தால் ஒரு பைசா வரி இல்லை. டிக்கெட் எடுக்க வசதி இல்லாமல் வீட்டில் இருந்தான், அதனால் 15,456 ரூபாய். ஒரே பையன், ஒரே பரிசு. வசதி உள்ளவனுக்குச் சலுகை கொடுத்து இல்லாதவனிடம் வசூலிக்கும் விதியை எப்படி நியாயம் என்று சொல்வது?

பெரிய ஆட்களுக்கு வரும்போது அரசின் மனசு இளகியும் இருக்கிறது. 1985-ல் ஆஸ்திரேலியாவில் தொடர் நாயகனாக ஆடி கார் ஜெயித்த ரவி சாஸ்திரிக்கு ராஜீவ் காந்தி அரசு வரியைத் தள்ளுபடி செய்தது. பிராட்மனின் 29 சதங்களைச் சமன் செய்ததற்காகச் சச்சினுக்கு 2002-ல் ஃபெராரி கார் கிடைத்தபோது, சுமார் 1.13 கோடி ரூபாய் வரிக்கு விலக்குக் கொடுத்தார்கள். எதிர்ப்பு கிளம்பி, வழக்கு டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் அப்போது ஃபெராரியின் தாய் நிறுவனமாக இருந்த ஃபியட்டே வரியைக் கட்டியது. இரண்டு பேரும் நாட்டுக்குப் பெருமை சேர்த்தவர்கள், அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் சுங்கச் சட்டத்தின் 25(2) பிரிவில் இப்படிச் சிறப்பு ஆணை போட அதிகாரம் இருக்கிறது என்பது தையல்காரரின் மகனுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தாலும் யாரிடம் போய் மனு கொடுப்பான்?

நல்லது நடந்ததையும் சொல்ல வேண்டும். 2025 பட்ஜெட்டில் அந்த 35 சதவீதம் 20 ஆனது. அதே ஆண்டு செப்டம்பரில் 28 சதவீத ஜிஎஸ்டி 18 ஆனது. 2026 பட்ஜெட்டில் அந்த 20-ஐ 10 ஆக்குவதாக அறிவித்தார்கள். சுமை குறைந்தது உண்மை, வரவேற்கிறேன். ஆனால் அடிப்படைக் கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. 'உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, பார்சல் கஸ்டம்ஸில் நிற்கிறது, பணம் கட்டுங்கள்' என்பது ஆன்லைன் மோசடிக்காரர்கள் தினமும் அனுப்பும் செய்தி. நிஜமாக ஜெயித்தவருக்கு வரும் நிஜமான செய்தியும் ஏறக்குறைய இதே வாசகம்தான். யாராவது ஒருவரின் சொந்தக் கணக்குக்கோ யுபிஐ எண்ணுக்கோ பணம் கேட்டால் அது சுங்கத்துறை இல்லை. பார்சல் எண்ணைக் கூரியர் தளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள். வரிக் கணக்கு உள்ள ஆவணத்தைக் கேட்டு வாங்கிய பிறகு கட்டுங்கள்.

ஜெயித்தவர்கள் பரிசு கிளம்புவதற்கு முன்பே நடத்துபவர்களிடம் பேசிவிடுங்கள். வரியையும் அவர்களே ஏற்று அனுப்பும் வசதி கூரியர்களில் இருக்கிறது, கேட்டால் பலர் ஒப்புக்கொள்வார்கள். இல்லையென்றால் பொருளுக்குப் பதில் பணமாகவோ மென்பொருள் சந்தாவாகவோ தர முடியுமா என்று கேளுங்கள். உதவி செய்கிறேன் என்று மதிப்பை ஐந்து டாலர் என்று எழுத மட்டும் விடாதீர்கள். பொய் மதிப்பு என்று தெரிந்தால் பொருளையே பறிமுதல் செய்யலாம், அபராதமும் வரும். வரி கட்டவே முடியாத நிலை என்றால், விடுவிப்பு ஆணைக்கு முன்பே பொருள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம், வரி கேட்க மாட்டார்கள். அதற்கும் சட்டத்தில் 23-ஆம் பிரிவு இருக்கிறது. ஜெயித்த பரிசை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. விமானப் பயணிக்கு இருக்கும் அதே வரம்பை, ஆண்டுக்கு ஒரு முறை, போட்டிப் பரிசுக்கும் கொடுங்கள். நடத்தியவர்களின் கடிதம், வெளியிட்ட முடிவுப் பட்டியல், பெறுபவரின் அடையாள அட்டை மூன்றும் இருந்தால் போதும். கேஒய்சி இல்லாமல் கூரியர் பார்சல் வெளியே வராது, எனவே அடையாளச் சோதனை ஏற்கெனவே நடக்கிறது. வியாபாரிகள் இதில் புகுந்து சரக்கு இறக்க முடியாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் கலை, அறிவியல், விளையாட்டு, பொதுச் சேவைக்காக வெளியே தரப்படும் கோப்பை, பதக்கம் போன்றவற்றுக்கு வரிவிலக்கு உண்டு. அங்கேயும் அடையாள மதிப்புள்ள பொருளுக்குத்தான், டேப்லெட்டுக்கு இல்லை. அதனால் அவர்களைப் பார்த்துக் காப்பியடிக்கச் சொல்லவில்லை. நம் நாட்டிலேயே பயணிகளுக்கு இருக்கும் விதியை வீட்டில் இருப்பவருக்கும் நீட்டச் சொல்கிறேன்.

பட்ஜெட்டுக்கு முன் நிதி அமைச்சகம் பொதுமக்களிடம் ஆலோசனை கேட்கும். அடுத்த முறை இதை எழுதி அனுப்பப் போகிறேன், எங்கள் தொகுதி எம்பிக்கும் ஒரு நகல் போகும். உங்கள் வீட்டில் யாராவது இப்படிப் பரிசுக்கு வரி கட்டியிருந்தால், பெயர், முகவரி, பார்சல் எண்ணை மறைத்துவிட்டு ரசீதை எனக்கு அனுப்புங்கள், சேர்த்து அனுப்புகிறேன்.