பத்திரிகை வைக்க விட்டுப்போன ஓநாய்

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் ஆயா (பாட்டி) வீட்டு வளவில், அதாவது உள் முற்றத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆத்தங்குடிக் கல் தரையில் படுத்துக்கொண்டு ஆயாவுக்குக் கதை சொல்வது என் பல வருஷத்துப் பழக்கம். ஆயா முறத்தில் வரமிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டே கேட்பார்கள். ஹாரி பாட்டர் ஏழு பாகமும் இப்படித்தான் முடிந்தது. மந்திரக்கோல், பறக்கும் குதிரை எதற்கும் ஆயா சந்தேகம் கேட்டதில்லை.

மூன்றாம் பாகத்தில் காலத்தைப் பின்னால் திருப்பும் கருவி ஒன்று வரும். ஹெர்மயனி சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பாள். அதை வைத்து இரண்டு உயிரைக் காப்பாற்றுவார்கள். நான்காம் பாகத்தில் செட்ரிக் செத்தான். ஆயாவின் கை நின்றுவிட்டது. “அந்தச் சங்கிலிய வச்சு இந்தப் பிள்ளையையும் மீட்டிருக்கலாம்ல?”

நான் என்ன சொல்ல? 2003-இல் வந்த ஐந்தாம் பாகத்தில், மந்திர அமைச்சகத்தில் இருந்த அந்தக் கருவிகள் எல்லாம் ஒரு சண்டையில் நொறுங்கிவிட்டன. எழுதியவருக்கும் வீட்டில் ஒரு ஆயா இருந்திருப்பார்களோ என்னவோ.

சரி, அது கதையில் விழுந்த ஓட்டை. எனக்கு அதில் பெரிய கோபமில்லை. கழுகு முதுகில் ஏறிப்போய் மோதிரத்தை எரிமலையில் போட்டிருக்கலாமே என்று ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனைக் கேட்கிறவர்களைக் கண்டால் சிரிப்புத்தான் வரும். ஒரே நாளில் வேலை முடிந்திருந்தால் நாம் எதைப் படித்திருப்போம்?

எனக்கு ஆறாதது வேறு. ஒருவரைக் கதைக்குள் கூட்டிவந்து, நம்மைப் பாசம் வைக்க விட்டு, அப்புறம் அவரை மறந்தே போவது.

கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரில் ஜான் ஸ்னோ வளர்த்த வெள்ளை ஓநாய் கோஸ்ட். முதல் சீசனில் குட்டியாக வந்தது. ஜான் செத்துக் கிடந்தபோது அந்த அறையிலேயே படுத்துக் கிடந்தது. ஏழாவது சீசன் முழுக்க அதைக் கண்ணில் காட்டவில்லை. 2019-இல் வந்த கடைசி சீசனில் போருக்குப் போய் ஒரு காதை இழந்து திரும்பியது. அதை இன்னொருவனோடு வடக்கே அனுப்பிவிட்டு ஜான் கிளம்புகிறான். தலையில் ஒரு தடவு தடவக்கூட இல்லை. கிராஃபிக்ஸ் ஓநாய், அதனால் எளிமையாக வைத்துக்கொண்டோம் என்று விளக்கம் வந்தது. அதே எபிசோடில்தான் மேசையில் யாரோ விட்டுப்போன காபிக் கப் தெரிந்து உலகமே சிரித்தது. கப்பைக் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டார்கள். ஓநாயை யார் கேட்டார்கள்? தொடருக்கு மூலமான புத்தகத்திலாவது நியாயம் கிடைக்கும் என்று பார்த்தால், ஐந்தாம் பாகம் வந்தது 2011-இல். ஆறாவது இன்னும் வந்தபாடில்லை.

எங்கள் பக்கம் கல்யாணத்தில் சாம்பாருக்கு உப்புக் குறைந்தால் மறந்துவிடுவார்கள். ஒரு பங்காளிக்குப் பத்திரிகை வைக்க விட்டுப்போனால் பேரன் காலம் வரைக்கும் பேச்சு. கல்யாணமான ஆள் கோயிலுக்கு ஒரு புள்ளி, அதாவது கோயில் கணக்கில் ஒரு குடும்பம். பினாங்கில் இருந்தாலும் புள்ளிதான். ஆயா வீட்டு வளவில் மூன்றாவது அறை நான் பார்த்த நாளாகப் பூட்டியே கிடக்கிறது. பூட்டில் பச்சை பிடித்துவிட்டது. வெள்ளையடிக்க வருகிறவர்கள்கூட ‘சின்ன ஐயா அறை’ என்றுதான் சொல்வார்கள். இப்படி ஒரு வீட்டில் வளர்ந்துவிட்டு, எட்டு சீசன் கூட வந்த உயிரை எப்படி விட்டுக்கொடுப்பது?

நம்ம ஆட்கள் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். காரைக்குடியில் சா. கணேசன் 1939-இல் கம்பன் கழகம் தொடங்கினார். ராமன் வாலியை மறைந்து நின்று கொன்றது சரியா என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சலிக்காத வழக்கு. ஆனால் அந்தக் கேள்வியை முதலில் கேட்டது நாம் இல்லை. கம்பனே வாலி வாயில் வைத்துக் கேட்டுவிட்டான். ஏன் மறைந்து நின்றான் என்பதற்கு இலக்குவன் பதில் சொல்கிறான். ஓட்டை இருப்பது கம்பனுக்குத் தெரியும். அதே கம்பன், இலக்குவன் காட்டுக்குக் கிளம்பும்போது மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவைக்கவில்லை. எனக்கு அந்த வருத்தம் உண்டு.

கல்கி பரவாயில்லை. 1954-இல் பொன்னியின் செல்வன் முடிந்தபோது, திடீரென்று நிறுத்திவிட்டீர்களே, இன்னார் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்க, முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். பதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனாலும் பதில் என்று ஒன்று வந்ததே!

கடைசி எபிசோடில் ஜான் வடக்கே போய் கோஸ்டைத் தடவிக்கொடுக்கிறான். போன மாசம் அதை ஆயாவிடம் சொன்னேன். ஆயா சுளகைப் புடைத்துவிட்டுக் கேட்டார்கள்:

“தடவிக்கொடுத்தது இருக்கட்டும் ஆத்தா. சோறு வச்சானா?”

“அதைக் காட்டலை ஆயா.”