விற்பனைக்கு முன் இசையைக் கேளுங்கள்

மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ (1982) ஆல்பத்தைப் பற்றிய கட்டுரையில், அதன் புகழெல்லாம் விற்பனையாலும் வீடியோக்களாலும் வந்ததே என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. குளச்சலில் என் அண்ணன் வாங்கி வந்த கேசட்டில், படம் எதையும் பார்ப்பதற்கு முன்பே, காதால் மட்டும் கேட்டு மயங்கியவன் நான். ‘பில்லி ஜீன்’ பாடலில் முதலில் டிரம்ஸ் மட்டும் ஒலிக்க, அதன்மேல் பேஸ் கிதார் வந்து சேர, ஏறத்தாழ அரை நிமிடம் குரலுக்காக நம்மைக் காக்க வைக்கும் அந்தத் துணிவுக்கு எந்த வீடியோவும் தேவையில்லை. ‘பீட்டில்ஸ்’ இசைக்குழுவில் இருந்த பால் மெக்கார்ட்னியுடன் ஜாக்சன் பாடிய ‘தி கேர்ள் இஸ் மைன்’ சப்பென்று இருப்பதாக மார்த்தாண்டத்து நண்பர் ஒருவர் சொல்வார். அதை நானும் மறுக்கவில்லை. அதற்காக மற்ற 8 பாடல்களையும் தள்ளிவிடலாமா? ‘பீட் இட்’ பாடலுக்கு ராக் கலைஞர் எடி வான் ஹேலனை அழைத்துக் கிதார் வாசிக்க வைத்த தயாரிப்பாளர் குயின்சி ஜோன்ஸைப் பற்றி, கட்டுரை ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும்.